இருக்கிற புகைக்கூட்டுக்குப் பொருந்தும் விறகடுப்பு: வன்னிக் குசினிகளுக்கு முழுமையான வழிகாட்டி

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் எழும்பிய கல்வீடுகள் பலவற்றின் குசினியில் சீமெந்து மேடையும் அதற்கு மேல் புகைக்கூடும் உண்டு. மேடையில் இருப்பது மட்டும் பழைய மூன்று கல்தான். கூடு கட்டிய மேசனுக்கு என்ன அடுப்பு வரப்போகிறது என்று தெரியாது; அடுப்புச் செய்தவருக்குக் கூட்டின் அளவு தெரியாது. 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்து விறகுக்குத் திரும்பிய வீடுகளில் இந்தப் பொருத்தமின்மை புகையாகவும் கண்ணெரிவாகவும் தெரியவந்தது.

அடுப்பை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு கூட்டோடு மல்லுக்கட்டுவதுதான் பலர் செய்வது. முதலில் அளக்க வேண்டியது கூட்டை. அதன் உட்பரப்பு எவ்வளவு என்று தெரிந்தால் எந்த வகை அடுப்பு சரிவரும் என்பது அநேகமாக அதிலேயே முடிவாகிவிடும். பிறகு பானை, மேடை உயரம், மண் என்று பார்த்துக்கொண்டு கடைசியில் கடைக்குப் போகலாம்.

கூட்டை அளத்தல்

தேவையானவை: அளவு நாடா, ரோச் லைட், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, கல் கட்டிய நூல். அடுப்பு குறைந்தது ஒரு நாள் ஆறியிருக்க வேண்டும்.

கண்ணாடியை மேடைமேல் சரித்து வைத்து ரோச்சை அடியுங்கள். கூட்டின் உட்புறம் மேல்வரை தெரியும். வானம் தெரியாவிட்டால் குருவிக்கூடோ, விழுந்த கல்லோ, கட்டும்போது ஒழுகி இறுகிய சாந்தோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுக்காமல் எந்த அடுப்பு வைத்தும் பயனில்லை. மைனாவும் அணிலும் மாரி முடிந்த கையோடு கூடு கட்டும் என்பதால் தை, மாசியில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

உள்ளளவை ஒடுங்கிய இடத்தில் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கப் பெரிய கூடாகத் தெரிந்தாலும், கல்லின் தடிப்பும் பூச்சும் போக உள்ளே 9 × 9 அங்குலம்தான் மிஞ்சியிருக்கும். அது 81 சதுர அங்குலம். சில வீடுகளில் தொப்பிக்கு (மேடைக்கு மேல் புகையைப் பிடிக்கும் கவிழ்ந்த பகுதிக்கு) மேலே வெறும் 6 அங்குலக் குழாய்தான் நிற்கும். வட்டமான 6 அங்குலத்தின் பரப்பு 28 சதுர அங்குலம் மாத்திரமே. இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு சரிவராது.

கல் கட்டிய நூலை மேலிருந்து இறக்கிக் கூட்டின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக மேடையின் அகலம், ஆழம், மேடைக்கும் தொப்பியின் முன்விளிம்புக்கும் இடைப்பட்ட உயரம் ஆகியவற்றை எடுங்கள்.

கூடு இழுக்கிறதா என்று பார்த்தல்

காய்ந்த தென்னோலையில் ஒரு கைப்பிடியை மேடையின் நடுவில் கொளுத்துங்கள். முதல் அரை நிமிடம் புகை தடுமாறும். கூட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த காற்று வெளியேற அவ்வளவு நேரம் எடுக்கும். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் தொப்பியின் முன்விளிம்பால் புகை வழிந்தால் மூன்று விடயங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

முதலாவது, யன்னலைத் திறந்து பார்ப்பது. திறந்தவுடன் இழுத்தால் கூட்டில் பிழையில்லை, குசினிக்குள் காற்று வர வழியில்லை. மேலே போகும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வந்தாக வேண்டும். கதவின் கீழோ சுவரின் அடியிலோ ஒரு கல் அளவு துவாரம் விட்டால் போதும்.

இரண்டாவது, நனைத்த சாக்கை ஒரு தடியில் கட்டித் தொப்பியின் முன்விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவது. எந்த உயரத்தில் புகை வழிவது நிற்கிறதோ அந்த இடத்தைச் சுவரில் கரியால் குறியுங்கள். அதுதான் உங்கள் கூடு தாங்கக்கூடிய வாயின் உயரம். தொப்பியை அந்தக் குறிவரை நீட்டிக் கட்டலாம், அல்லது வாயின் அகலத்தைக் குறைக்கலாம்.

மூன்றாவது, நேரத்தை மாற்றிப் பார்ப்பது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் வைகாசி முதல் ஆவணி வரை காலையில் ஒழுங்காக இழுக்கும் கூடு பின்னேரம் மூன்று மணிக்குப் புகையைத் திருப்பி அடிக்கும். வாடையில் வேறு பக்கத்திலிருந்து அடிக்கும். காற்று எழும்பினால் மட்டும் புகை திரும்புகிறது என்றால் அது கூரைக்கு மேல் தீர்க்க வேண்டிய விடயம். அதைப் பிறகு பார்ப்போம்.

கணக்கு

திறந்த அடுப்பு மேடைக்கு உலகெங்கும் பாவிக்கும் விதி ஒன்று உண்டு: புகைக்கூட்டின் உட்பரப்பு, மேடையின் முன்வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கூடு மிகக் கட்டையானால் எட்டில் ஒரு பங்கு தேவை.

நான்கடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள வாயை எடுத்துக்கொள்வோம். 48 × 30 = 1440 சதுர அங்குலம். இதற்குக் கூடு 144 சதுர அங்குலம், அதாவது உள்ளே 12 × 12 வேண்டும். உங்களிடம் இருப்பது 9 × 9 என்றால் அது இழுக்கக்கூடிய வாய் 810 சதுர அங்குலம்தான். அகலத்தை 48 ஆகவே விட்டால் உயரம் 17 அங்குலத்துக்கு இறங்க வேண்டும். அதற்குள் அடுப்பும் பானையுமே அடங்காது. மாறாக, இரண்டு பக்கமும் செங்கல்லால் சிறு சுவர் எழுப்பி வாயை 30 அங்குலமாக ஒடுக்கினால் உயரம் 27 அங்குலம் கிடைக்கிறது. ஒரு இரட்டைப் பானை அடுப்புக்கு அது தாராளம். ஒடுக்கிய பக்கங்கள் வீணாகாது, விறகு காயவைக்க உதவும்.

இந்தக் கணக்கின்படி:

- 140 சதுர அங்குலத்துக்கு மேற்பட்ட கூடு: திறந்த மேடையில் இரண்டு அடுப்புகூட வைக்கலாம்.
- 80 முதல் 140 வரை: பக்கம் ஒடுக்கிய மேடையில் ஒரு அனகி அடுப்பு (இரண்டு பானைக் குழியுள்ள சுட்ட களிமண் அடுப்பு). வன்னியின் பெரும்பாலான கல்வீடுகள் இதற்குள் வரும்.
- 50க்குக் கீழே: திறந்த அடுப்பு ஒருநாளும் ஒழுங்காக வேலைசெய்யாது. குழாய் பொருத்திய மூடிய அடுப்பே வழி.
- 50க்கும் 80க்கும் இடையில்: கூடு 12 அடிக்கு மேல் உயரமாயின் அனகியைப் பரீட்சித்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மூடியது.

எந்த வகை அடுப்பு

அனகி 1980களில் இலங்கையில் உருவான அடுப்பு. சுட்ட களிமண்ணில் ஒரே துண்டாக, ஒரு வாயும் இரண்டு பானைக் குழியுமாக வரும். நெருப்பு முதற்பானையின் அடியில். அங்கிருந்து போகும் சூடு இரண்டாவதின் அடிக்குப் போகும். ஒழுங்காகப் பாவித்தால் மூன்று கல்லோடு பார்க்க விறகில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிஞ்சும். ஆனால் இதற்குப் புகைக்குழாய் கிடையாது. பானைகளின் ஓரத்தால் வரும் புகையைத் தொப்பிதான் பிடிக்க வேண்டும். ஆகவே நல்ல கூடுள்ள வீட்டுக்கு இது முதல் தெரிவு. கூடில்லாத அடைத்த குசினிக்குள் விறகு மிஞ்சினாலும் புகை இல்லாமல் போகும் என்று நம்ப வேண்டாம்.

மூடிய அடுப்பு செங்கல்லாலோ இரும்பாலோ ஆனது. மேலே தகட்டில் இரண்டு குழி, பின்னால் 4 முதல் 6 அங்குலக் குழாய். புகை முழுவதும் குழாயால் போகும். ஒரு குழியில் பானை இல்லாவிட்டால் மூடி போட்டே ஆக வேண்டும், இல்லையேல் இழுவை அறுந்து புகை அந்தக் குழியால் வரும். தாச்சி, கேத்தல், புட்டுப்பானை என்று நிமிடத்துக்கு நிமிடம் ஏனம் மாற்றுகிற வீட்டில் இந்த மூடி வேலை சிலருக்கு எரிச்சலாக இருக்கும்.

றொக்கட் அடுப்பு என்று அழைப்பதில் விறகு கிடையாகப் போய்த் தீ நிமிர்ந்து எழும். ஒரு பானைக்கு மிகச் சிக்கனமானது. குடும்பச் சமையலுக்கு உட்துவாரம் 4 அங்குலம் போதும். ஒரே நேரத்தில் சோறும் கறியும் வேண்டுமென்றால் இரண்டு கட்ட வேண்டும்.

மரத்தூள் அடுப்பு மர ஆலைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு மலிவு. வாளிக்குள் நடுவில் போத்தலை நிறுத்திச் சுற்றித் தூளை இறுக்கி, போத்தலை உருவி எடுத்து மூட்டுவது. இடையில் தீயைக் கூட்டவோ குறைக்கவோ கஷ்டம்; நீண்ட நேரம் அவிக்கும் வேலைக்கு நல்லது.

நெல் அவிப்பதற்கு இவை எதையும் எண்ண வேண்டாம். அந்தக் கிடாரத்தின் பாரத்துக்கு அனகி நொறுங்கிவிடும். அது எப்போதும்போல முற்றத்தில், கல்லடுப்பில்.

பானையும் உயரமும்

காஸ் அடுப்புக்கென்று கட்டிய மேடை இரண்டரை அடி, சிலவேளை மூன்றடி உயரம் இருக்கும். அதன்மேல் விறகடுப்பை ஏற்றினால் பானைக்குள் அகப்பை விடக் கைகளைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டிவரும். குழம்பு தெறிப்பது முகத்தில். இதை யாரும் கடையில் சொல்வதில்லை.

சமைப்பவர் நிமிர்ந்து நிற்க, நிலத்திலிருந்து முழங்கை வரை அளவுங்கள். ஐந்தடிப் பெண்ணுக்கு அது சுமார் 37 அங்குலம். பானையின் விளிம்பு அந்த உயரத்தில் அல்லது கொஞ்சம் கீழே வர வேண்டும். 37 இலிருந்து பானை உயரம் 8, அடுப்பு உயரம் 9, அடியில் போடும் மண்படுக்கை 2 ஆகியவற்றைக் கழித்தால் 18 மிஞ்சுகிறது. மேடைக்கு வேண்டியது ஒன்றரை அடி! இருக்கிற மேடையை உடைக்க மனமில்லாவிட்டால் முன்னால் ஒரு கல் உயரத்துக்குப் படி கட்டலாம். ஆனால் கொதிபானையோடு படியிறங்குவது ஆபத்து என்பதால் படி மேடையின் முழு அகலத்துக்கும், இரண்டடி ஆழத்துக்கும் இருக்கட்டும்.

தினமும் பாவிக்கும் பானைகளின் அடிவிட்டத்தையும் வயிற்றுப் பகுதியின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மண்சட்டியின் அடி வளைவு, அலுமினியப் பானையின் அடி தட்டை. இரண்டும் ஒரே குழியில் ஒரே மாதிரி இருக்காது. குழிக்குள் பானை இறங்கி விளிம்பை அடைத்தால் தீக்கு மூச்சு முட்டும். மிகச் சிறிய பானை ஆடும், தீ பக்கத்தால் வீணாகும். குழியின் உள்விளிம்பில் உள்ள மூன்று மொட்டுகளில் பானை அமர்ந்து, சுற்றிவர ஒரு விரல் தடிப்பு, அதாவது ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி நிற்பதே சரி.

வாங்கும்போது

உங்கள் பெரிய சட்டியையும் அளவு நாடாவையும் கொண்டு போங்கள். கையால் செய்வதால் குழியின் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் நன்றாகச் சுட்டது கணீரென்று கேட்கும். மந்தமாகக் கேட்டால் வெடிப்பு இருக்கிறது, அல்லது சூளையில் வேகவில்லை. இரண்டு குழிகளுக்கும் இடையிலுள்ள பாலத்தையும் வாயின் மேல்வளைவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும், பிறகு உடைவதும் அங்கேதான். சட்டியை இரண்டு குழியிலும் வைத்து ஆட்டிப் பாருங்கள். வாய் வழியே கைவிட்டு உள்வழி அடைபட்டிருக்கிறதா என்று தடவுங்கள்.

மேடையின் ஆழம் முக்கியம். அடுப்பின் நீளத்தோடு முன்னுக்கு 3 அங்குலமும் பின்னுக்கு 4 அங்குலமும் கூட்டிப் பாருங்கள். இரண்டடி ஆழமான மேடையில் நெடுக்காக வைக்க இடம் காணாவிட்டால் பக்கவாட்டில் திருப்பி, வாய் ஒரு ஓரத்தைப் பார்க்க வைக்கலாம். அப்போது விறகு நீட்டிக்கொண்டிருக்க ஒன்றரை அடி அந்தப் பக்கம் விட வேண்டும். எப்படி வைத்தாலும் இரண்டாவது குழி கூட்டுக்கு நேர் கீழேயோ கிட்டவோ வர வேண்டும், ஏனென்றால் புகையின் பெரும்பகுதி அதன் ஓரத்தால்தான் வெளியேறுகிறது. அடுப்பின் வாய் வெளிக்கதவை நேரே பார்த்தால் சோளகத்தில் தீ பின்பக்கமாக அடித்துக்கொண்டு போகும்.

மண்

வெறுமனே மேடையில் வைத்த அனகி ஒரு வருடம் தாண்டினால் அதிசயம். சுற்றிவர மண்ணால் பொதித்தால் பல வருடம் நிற்கும், சூடும் உள்ளேயே நிற்கும்.

நல்லது புற்றுமண். குளக்கரைக் களியும் ஆகும். ஒட்டுசுட்டான் பக்கம் ஓட்டுத் தொழிற்சாலையே அங்கத்தைய களியை நம்பித்தான் வந்தது. அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மண்ணுக்கு அலைச்சல் இல்லை. செம்பாட்டு மண்ணில் மணல் கூடினால் ஒட்டாது, களியைக் கலக்க வேண்டும்.

எங்கிருந்து கிண்டுவது என்பதில் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மிதிவெடி அகற்றி ஒப்படைக்காத காணியிலும், மண்டையோட்டுப் பலகை நிற்கும் எல்லையிலும், சண்டை நடந்த காட்டோரத்திலும் புற்றைக் கிண்டவோ விறகு பொறுக்கவோ வேண்டாம். சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். துப்புரவாக்காத நிலத்தின்மேல் நேரே தீ மூட்டுவதும் அதே ஆபத்துத்தான். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கும். பாதுகாப்பான வளவிலும் அலவாங்கால் தட்டிப் பார்த்து, பாம்பில்லை என்று கண்ட பிறகு கைவையுங்கள். கும்பிடுகிற புற்றை விட்டுவிடுங்கள்.

ஒரு அடுப்புக்கு:

- உடைத்து அரித்த புற்றுமண்: 3 வாளி
- ஆற்று மணல்: 1 வாளி
- உமி, அல்லது இரண்டங்குலமாக நறுக்கிய வைக்கோல்: 1 வாளி
- பசுஞ்சாணம்: அரை வாளி

முதல் நாள் தண்ணீர் விட்டு மிதித்து, சாக்கால் மூடி ஒரு இரவு புளிக்க விடுங்கள். மறுநாள் தேசிக்காய் அளவு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். அப்பமாகப் பரந்தால் தண்ணீர் கூட. பொலபொலவென்று உதிர்ந்தால் களி காணாது. ஓரம் கொஞ்சம் வெடித்து உருண்டையாகவே கிடந்தால் பதம் சரி. சீமெந்தைக் கலக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கலக்க வேண்டாம். சூட்டில் சீமெந்தும் சுட்ட களியும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மாதத்தில் அடுப்பு பிளக்கும். பிறகு அடுப்பை மாற்றுவதற்கு உளியும் சுத்தியலும் வேண்டும்.

பொதித்தல்

சீமெந்து மேடையின்மேல் நெருப்பை நேரே வைத்தால் மேற்பரப்பு வெடித்துச் சில்லுச் சில்லாகக் கழரும். எனவே முதலில் இரண்டங்குல மண்படுக்கை. அதை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். சரிந்த அடுப்பில் எண்ணெய் தாச்சியின் ஒரு பக்கம் ஒதுங்கும்.

அடுப்பைப் பத்து நிமிடம் தண்ணீரில் நனைத்து எடுங்கள். காய்ந்த அடுப்பு மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சு வெடிப்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். அடுப்பைப் படுக்கையில் அழுத்தி இருத்தி, இரண்டு பானைகளையும் குழிகளில் வைத்தபடியே சுற்றிவர மண்ணைக் கட்டிகளாக அறைந்து ஏற்றுங்கள். பக்கங்களில் தடிப்பு இரண்டரை முதல் மூன்று அங்குலம். கையால் இறுக்கி அடித்தால்தான் உள்ளே காற்றுப்பை நிற்காது. மேல்விளிம்புக்கு அரை அங்குலம் கீழே மண்ணை நிறுத்துங்கள். விளிம்புக்கு மேலே மண் ஏறினால் பானையைச் சுற்றியுள்ள இடைவெளி அடைபடும். பானைகளை இடைக்கிடை திருகிப் பார்த்து, இலகுவாக வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டே போங்கள்.

நிழலில் காய விடுங்கள். கோடையில் 7 முதல் 10 நாள், மாரியில் மூன்று கிழமை. இடையில் வரும் வெடிப்புகளில் கூழாகக் கரைத்த அதே மண்ணைத் தேய்த்து, கடைசியாகச் சாணமும் மண்ணும் கலந்து மெழுகுங்கள். முதல் நெருப்பு ஓலையும் சுள்ளியுமாக அரை மணி நேரம், பானையில் தண்ணீர் வைத்து. அடுத்த நாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் சமைக்கலாம். முதல் நாளே சிரட்டை போட்டுக் கொழுந்துவிட்டு எரித்தால் மண்ணிலுள்ள ஈரம் ஆவியாகி உள்ளிருந்து அடுப்பை வெடிக்க வைக்கும்.

குழாய் அடுப்பென்றால்

கூடு ஒடுங்கியது என்பதால் மூடிய அடுப்புக்குப் போகிறவர்கள் குழாயில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது. அடுப்பின் புகைவாய் 5 அங்குலமென்றால் குழாய் மேல்வரை 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கிடையாகப் போகும் துண்டு இரண்டடிக்குள், அதுவும் அடிக்குக் கால் அங்குலம் மேல்நோக்கிய சரிவில். முழங்கை வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

குழாயைப் பெரிய செங்கல் கூட்டின் அடியில் செருகிவிட்டு நிறுத்துவது அடிக்கடி காணும் பிழை. கூட்டின் பரப்பு குழாயின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் அது ஓரளவு வேலைசெய்யும். கூடு வீட்டுக்கு வெளிச்சுவரில் நின்றால் இரண்டு மடங்கு. 6 அங்குலக் குழாயும் 9 × 9 கூடும் மூன்று மடங்கு எல்லைக்குள் மட்டுமட்டாகப் பொருந்தும். 4 அங்குலக் குழாயின் பரப்பு 12.6 சதுர அங்குலம்தான். அதே கூடு அதற்கு ஆறு மடங்குக்கும் மேல். புகை அங்கே பரந்து, குளிர்ந்து, வேகம் இழந்து, கீல்போன்ற கரியாகச் சுவரில் ஒட்டும். அந்த நிலையில் குழாயையே கூட்டுக்குள்ளால் உச்சிவரை கொண்டுபோய், அடியில் குழாய்க்கும் கூட்டுக்கும் இடையிலான வெளியை இரும்புத் தகட்டாலும் மண்ணாலும் அடைக்க வேண்டும்.

எந்தக் குழாய்? வெல்டிங் கடையில் கறுப்பு இரும்புத் தகட்டில் உருட்டிச் செய்வது நல்லது. நாகம் பூசிய தகரத்தை அடுப்பை ஒட்டிய முதல் நான்கடியில் போட வேண்டாம். நாகம் 419 பாகை செல்சியசில் உருகும், அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதி. மேலே, சூடு தணிந்த இடத்தில் பாவிக்கலாம். அஸ்பெஸ்டஸ் குழாய் சூட்டில் வெடித்துச் சிதறும்; அதை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குப் போகும். பிவிசி குழாயைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் இன்னும் சில கூரைகளில் உருகித் தொங்குகிறது. ஒற்றைத் தகட்டுக் குழாய் மரத் தீராந்தியிலிருந்து 18 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். கிடுகுக் கூரைக்குள்ளால் குழாய் விடுவதைவிடச் சுவரால் வெளியே எடுத்து, கூரையை விட்டு விலத்தி ஏற்றுங்கள்.

கூரைக்கு மேலே

கூடு கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடி எழும்ப வேண்டும். அதோடு பத்தடி தூரத்துக்குள் உள்ள முகட்டையோ வேறு எதையுமோ விட இரண்டடி உயரமாக நிற்க வேண்டும். காற்று முகட்டைத் தாண்டி விழும்போது மறுபக்கத்தில் கீழ்நோக்கி அமுக்கும். அந்த அமுக்கத்துக்குள் கூட்டின் வாய் இருந்தால் சோளகத்திலோ வாடையிலோ புகை திரும்பும். மூன்று வரி கல் வைத்து உயர்த்தினாலே பல வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும். தொப்பியின் அளவுக் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட இது மலிவு.

உச்சியில் மழைமூடி தேவை. கார்த்திகை மழை உள்ளே இறங்கினால் கரியோடு கலந்து இரும்பை அரிக்கும். மூடிக்கும் வாய்க்கும் இடையில் குழாயின் விட்டம் அளவு வெளி விடுங்கள். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும்; இரண்டு எதிர்ப்பக்கத்தை மூடினால் சோளகம், வாடை என்ற இரண்டு காற்றில் ஒன்றுக்குத்தான் சரிவரும். பறவை வலை போடுவதானால் கண் ஓரங்குலத்துக்குக் குறையக்கூடாது. நெருக்கமான வலை கரியில் அடைத்துவிடும்.

புகை முழுவதும் கூட்டால் போகத் தொடங்கினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பரணில் தொங்கும் விதைச் சோளமும், கிடுகும், மூங்கிலும் இதுவரை புகைபட்டதால்தான் பூச்சி தின்னாமல் இருந்தன. விதையை இனி மூடிய தகரத்துக்கு மாற்றுங்கள்.

விறகு

பச்சை மரத்தின் நிறையில் பாதி தண்ணீராக இருக்கலாம். 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் அடுப்பு அடுப்பாக வேலைசெய்யும். ஒரு துண்டை எடுத்து வாரம் ஒருமுறை தராசில் போடுங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. மாசி, பங்குனியில் பிளந்து, நிலத்தில் படாமல் கட்டையின்மேல் அடுக்கி, ஆவணிக்குள் கூரைக்குக் கீழே ஏற்றிவிட்டால் மாரிக்குப் பயமில்லை.

பாலையும் வீரையும் கனமான மரம், தணல் நெடுநேரம் நிற்கும். வேலிக் கிளிசறியா விரைவில் எரியும், கோதிக் காயவைத்தால் தினச் சமையலுக்குப் போதும். ஊமலும் (பனங்கொட்டைக் கோது) சிரட்டையும் சூடு மிக அதிகம். ஒருதரம் இரண்டு மூன்றுக்கு மேல் போட வேண்டாம். கடலேரி ஓரத்துத் தில்லையைத் தொடவே வேண்டாம், பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். பெயின்ற் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்ரிக் எதுவும் அடுப்புக்கு ஆகாது.

துண்டு ஒன்று முதல் ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஒன்றரை அடிக்குள் நீளம். இரண்டு அல்லது மூன்றின் நுனி மட்டும் எரிய, எரிய எரியத் தள்ளுவது. வாயை நிரப்பி அடைத்தால் காற்றுப் போகாது. புகையும் கரியும் வரும், கூடவே காபனோரொட்சைட்டும் வரும், அதற்கு மணம் கிடையாது. தணலை உள்ளே வைத்துக் கதவு யன்னலைச் சாத்திப் படுப்பது உயிராபத்து.

கோளாறும் காரணமும்

இரண்டாவது பானை கொதிக்கவில்லை: பெரும்பாலும் சாம்பல் நிரம்பி உள்வழி அடைத்திருக்கும். ஓரங்குலச் சாம்பலை விட்டு மீதியை எடுங்கள். அதுவுமில்லையென்றால் முதற்பானை மொட்டில் உயர்ந்து நின்று தீயை ஓரத்தால் விடுகிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டாவது, முதலாவதைவிட மெதுவாகத்தான் கொதிக்கும். அதில் பருப்பும் சுடுதண்ணியும் வைப்பதுதான் முறை.

பானை அடி தடிப்பாகக் கறுக்கிறது: ஈரவிறகு, அல்லது மிதமிஞ்சிய விறகு.

மூட்டும்போது மட்டும் புகை, பிறகு இல்லை: கூடு குளிர்ந்திருக்கிறது. கொஞ்சம் ஓலையை இரண்டாவது குழிக்கு மேல் பிடித்து எரித்து, கூட்டைச் சூடாக்கியபின் அடுப்பை மூட்டுங்கள்.

விறகு மிஞ்சுகிறதா என்று சந்தேகமா? ஒரே பானை, இரண்டு லீற்றர் தண்ணீர், நிறுத்தெடுத்த ஒரு கிலோ விறகு. கொதித்தவுடன் தீயை அணைத்து மீதியை நிறுங்கள். மூன்று கல்லில் ஒருமுறையும் புது அடுப்பில் ஒருமுறையும் செய்து பார்த்தால் விடை தராசிலேயே கிடைக்கும்.

துப்புரவும் மாற்றுதலும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பொச்சு மட்டையைக் கட்டாகக் கட்டி, அடியில் கல் தூக்கிவிட்டு, கூட்டின் உச்சியிலிருந்து கயிற்றால் இறக்கி ஏற்றிக் கரியை உதிருங்கள். கூட்டுக்குள் ஓவென்று இரைச்சல் கேட்டு உச்சியால் தீப்பொறி பறந்தால் உள்ளே படிந்த கரி பற்றிக்கொண்டது. ஆட்களை வெளியே எடுத்து, அடுப்பு வாயை நனைத்த சாக்கால் அடையுங்கள். காற்று நின்றால் தீ தணியும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் சூடான கல் வெடிக்கும், ஆவி கீழே அடிக்கும். ஆறிய பிறகு மேசனைக் கூப்பிட்டு உட்சுவரைப் பார்க்காமல் திரும்ப மூட்டக் கூடாது.

அடுப்பில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் மண்பொதி பிடித்துக்கொண்டிருக்கும்வரை பாவிக்கலாம். பாலம் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். முதல் நாள் இரவு மண்பொதியில் தண்ணீர் தெளித்து நனைத்த சாக்கைப் போட்டு வையுங்கள். காலையில் மண்வெட்டியின் முனையால் நெம்பினால் பொதி கட்டி கட்டியாகக் கழன்றுவிடும். அந்த மண்ணில் கரிபிடித்த உள்மண்ணைத் தள்ளிவிட்டு மீதியை உடைத்து, அரை வாளி புதுச் சாணமும் கொஞ்சம் உமியும் சேர்த்து ஊறவைத்தால் அடுத்த அடுப்புக்குத் திரும்பப் பாவிக்கலாம். புதிதாக ஒரு வாளி புற்றுமண் இருந்தால் காணும்.